நாலு நிமிடப் பனி

"அந்தப் பனிய வெட்டு தம்பி. ஒரு துணுக்கு கூட மிச்சம் வைக்காத."

ஸ்டாவ்ரோஸ் ஆலிவ் கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டே சொன்னார். ஆண்கள் ஆண்களைக் காதலிக்கும் வயது வந்தோர் படங்களை மட்டுமே ஓட்டும் அந்த எட்டாவது அவென்யூ தியேட்டர் அவருடையது. ரோலண்ட் எடுத்த இந்தப் படத்துக்குக் காசு போட்டவரும் அவர்தான். காலையில் வெற்று ஹாலில் முதல் பிரதியைப் போட்டுப் பார்த்து முடித்திருந்தார்.

ரோலண்ட் நாற்காலியை விட்டு எழவில்லை. "படமே அதுதான் ஸ்டாவ்ரோஸ். மத்ததெல்லாம் உங்களுக்காக எடுத்தது."

"நாலு நிமிஷம் பனி கொட்டுது. ஒருத்தன் கடற்கரையில நடக்கறான், நடக்கறான், நடந்துக்கிட்டே இருக்கான். கோட்டைக் கூடக் கழட்டல. டிக்கெட் வாங்கிட்டு வந்து வானிலை பாக்கணுமா? நியூயார்க்ல ஜன்னலத் திறந்தா பனி ஓசி."

"அவனோட ஆளு விட்டுட்டுப் போயிட்டான். அந்த வெறுமை..."

"வெறுமை எனக்கு எதுக்குப்பா? மத்தியான ஷோவுக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் அதக் கையோட கொண்டு வர்றான்."

பின்வரிசையில் எமெட் சிரித்துவிட்டான். ரோலண்டின் படங்களுக்கு எடிட்டர் அவன்தான். வீடும் கட்டிலும் இருவருக்கும் ஒன்று. ரோலண்ட் திரும்பி முறைத்தான்.

"அந்தப் படுக்கையறை சீனாவது கொஞ்சம் வெளிச்சமா எடுத்திருக்கக் கூடாதா?" ஸ்டாவ்ரோஸ் விடவில்லை. "ஒத்த விளக்க வச்சுட்டு, எது கை எது கால்னே தெரியல."

"நிழல்தான் அழகு."

"என் தலையெழுத்து."

சினிமாப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் ரோலண்ட். வேறு யாரும் அவன் கையில் கேமரா கொடுக்கவில்லை. இங்கே கொடுத்தார்கள், கேட்ட காட்சிகள் இருந்தால் போதும், மீதியை உன் இஷ்டம்போல் எடு என்றார்கள். அந்த மீதிக்காகத்தான் கோனி தீவுக் கடற்கரையில் பனிப்புயல் நாளில் விரல் மரத்துப் போக நின்றான். உறைந்த கேமராவுக்கு எமெட்டின் கோட்டைப் போர்த்தி எடுத்தான். இந்த நாலு நிமிடமும் போனால், அவனும் உடம்பைப் படமெடுத்துப் பிழைக்கும் இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

"ஒரு வாரம் ஓடட்டும்," என்றான். "பனி வரும்போது ஜனம் எழுந்து போனா நானே கத்திரிக்கோலோட வரேன்."

"போகலன்னா?"

"அடுத்த படத்துல என் இஷ்டத்துக்கு எது வச்சாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

ஸ்டாவ்ரோஸ் கை நீட்டினார்.

படியிறங்கும்போது எமெட் கேட்டான்: "ஜனம் இருக்கும்போது நீ ஒரு தடவையாவது உள்ள உக்காந்திருக்கியாடா?"

"சமைக்கிறவன் மத்தவன் திங்கறத எட்டிப் பாக்கமாட்டான்."

"அங்க எவனும் உன் சமையலத் திங்க வர்றதில்ல. ஜோடி சேர ஆள் தேடி வர்றாங்க. படம் பாட்டுக்கு ஓடும்."

"தெரியும். படம் நல்லா இருந்தா அந்தச் சோலியெல்லாம் தானா நிக்கும். நாலு நிமிஷம், நாலே நிமிஷம் அவங்க நிமிர்ந்து பாத்தாங்கன்னா போதும்."

"மகானே," என்றான் எமெட்.

வாரக் கடைசியில் போன் வந்தது.

"தம்பி, பனிய வெட்டிடாத!"

"என்னாச்சு?"

"நேத்து ரீல் அறுந்து போச்சு. ஆபரேட்டர் ஒட்டும்போது பனிய விட்டுட்டான். ஹால்ல ஒரே ரகளை! 'பனி எங்கடா'ன்னு அவன் ரூம் கதவ உடைக்கப் போயிட்டாங்க. இத்தன வருஷத்துல இவனுங்க ஒரு படத்துக்காக வாயத் திறந்து நான் பாத்ததில்ல. ஒரு ஆளு, வக்கீல் மாதிரி இருக்கார், தினம் கவுன்ட்டர்ல வந்து கேக்கறார், பனி எத்தன மணிக்கு வரும்னு."

ரோலண்ட் ரிசீவரை வைத்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், பசிதான் வந்தது. முட்டை பொரித்துத் தின்றான்.

"விமர்சகன் எவனாவது வந்தா போடறதுக்குன்னு ஒரு கோட்டு வாங்கினியே, அதப் போடு," என்றான் எமெட். "கிளம்பு. இன்னிக்கு நீ திங்கறவங்களப் பாத்தே ஆகணும்."

மத்தியானக் காட்சி. ஸ்டாவ்ரோஸ் டார்ச் அடித்து இருவரையும் பின்சுவர் ஓரமாக நிறுத்தினார். படுக்கையறைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. எங்கோ இருமல், எங்கோ நாற்காலி கிறீச்சிட்டது.

பிறகு பனி வந்தது. திரை முழுக்க வெள்ளை.

இருமல் நின்றது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கோவில் மாதிரி அமைதி.

ரோலண்டால் அங்கேயே நிற்க முடியவில்லை. அந்த முகங்களைப் பார்த்தாக வேண்டும். சுவரோரமாகவே நடந்து திரைக்குக் கீழே போய்த் திரும்பினான்.

எல்லோரும் நிமிர்ந்துதான் இருந்தார்கள். பனியின் வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் பகல்போல் விழுந்திருந்தது. ஆனால் ஒரு கண்கூடத் திரையில் இல்லை. முன்வரிசைக்காரர் பின்வரிசையைப் பார்த்தார். ஓரத்தில் இருந்தவர் நடுவில் இருந்தவரைப் பார்த்தார். வக்கீல் மாதிரி இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மீசைக்காரரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த ஸ்டாவ்ரோஸ் அவன் தோளில் கை போட்டார்.

"உன் இருட்டுல பக்கத்துல இருக்கறவன் மூஞ்சி தெரியாம பாவம் தட்டுத் தடுமாறிக்கிட்டு இருந்தானுங்க தம்பி. இப்ப இந்த வெளிச்சத்துல நல்லாப் பாத்து, புடிச்ச ஆளு பக்கத்துல போய் உக்காந்துக்கறானுங்க. அடுத்த படத்துல பனிய எட்டு நிமிஷமாக்கிடு."