கிச்சா எடுத்த கணக்கு

குடிநீர்க் குழாய் இணைப்புக்கு யாருக்காவது லஞ்சம் கொடுத்தீர்களா என்று வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பு அது. அடையாறு அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்ப்பது நீரஜாவின் வேலை. ஊரூர் குப்பத்திலிருந்து வந்த, நேற்றுத் தேதியிட்ட ஒரு படிவத்தில், கணக்கெடுத்தவர் பெயர் கிச்சா என்றிருந்தது. கையெழுத்தும் அவனுடையதுதான். கிச்சா அவள் கணவன். இதே வேலையில் இருந்தவன். இறந்து எட்டு மாதமாகிறது.

மதியமே குப்பத்துக்குப் போய், அந்த வீட்டுப் பெண்ணிடம் அவன் படத்தைக் காட்டினாள்.

"இவருதாம்மா. நேத்து வெயில்ல நின்னுக்கினே எழுதினாரு. உள்ள வந்து குந்துன்னேன், இன்னும் நெறைய வூடு கீதுன்னுட்டாரு."

நீரஜா அலுவலகத்துக்குத் திரும்பினாள். மறுநாள் யார் எந்த வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போக வேண்டும் என்ற பட்டியலில் கிச்சாவின் பெயரைச் சேர்த்து, அதற்கு நேரே மேற்கு மாம்பலத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள். காலையில் விடுப்பு சொல்லிவிட்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள்.