உள்பக்கத்துக் கை

செங்கோட்டையன் தன் நாமகிரிப்பேட்டை வீட்டுக்கு வாங்கிய ப்ரொஜெக்‌ஷன் டிவி, ஆளுயரப் பெட்டியாக ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது. "உள்ள ஒரு பல்பு, ஒரு கண்ணாடி. மத்தபடி பொட்டி காலிங்க. திரையை மட்டும் அழுத்தாம தொடைங்க," என்றார் மெக்கானிக்.

அவன் மனைவி அமுதவல்லி வெள்ளிதோறும் துடைத்தாள். மூன்றாம் வெள்ளியன்று திரையின் அடியோரத்தில் ஒரு சின்னக் கைத்தடம் தெரிந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மெக்கானிக் வந்து பின்பலகையைக் கழற்றி, உள்பக்கமாகத் துடைத்துவிட்டுப் போனார். மறுவாரம் அது திரும்பவும் இருந்தது.

முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மகள் பிரவீனாவுக்கு மூன்று வயது. பழைய டிவியில் கையை ஊன்றிக்கொண்டுதான் பாட்டுப் பார்ப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் அந்தத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மெக்கானிக்கையும் மறுபடி கூப்பிடவில்லை.

வருஷா வருஷம் கை பெரிதாகிக்கொண்டே மேலே ஏறியது. பதினாறாம் வருஷம் பல்பு போயிற்று. அந்தப் பல்பு இப்போது எங்கும் கிடைப்பதில்லை.

"செவுத்துல மாட்டற மாதிரி மெல்லிசா வருது. ஒண்ணு வாங்கீரலாமா?" என்றான் செங்கோட்டையன்.

அமுதவல்லி திரையின் மேல்விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த கை, அவள் கையளவு இருந்தது.

"ஏனுங்க," என்றாள், "மெல்லிசுல புள்ள எங்கீங்க நிப்பா?"