திரும்பிப் போன பெட்ரோல்

பழைய கார் ஒன்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண்.

பெட்ரோல் பம்புக்குக் கோபம் வந்தது. "நான் மூச்சுப்பிடிச்சுத் தள்ளுறேன். நீ பாதியை டேங்குக்கே திருப்பி அனுப்புறியே, வெட்கமா இல்ல?" என்று அழுத்தத்தைக் காக்கும் வால்வைத் திட்டியது.

வால்வுக்கு ரோஷம். "இனிமே ஒரு சொட்டு திரும்பாது, போடா" என்று திரும்பும் வழியை அடைத்தது.

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வழக்கமான அளவு நேரம்தான் வாய் திறந்தது. அழுத்தம் ஏறியிருந்ததால் அந்த நேரத்துக்குள் பெட்ரோல் அதிகமாகப் பீறிட்டது. எரிக்கக் காற்று போதவில்லை. கரும்புகை கக்கி இன்ஜின் நின்றது.

"எவன் தப்பு?" என்று கத்தியது பம்பு.

"நான் திறந்த நேரம் சரிதான்" என்றது இன்ஜெக்டர்.

"நீ சொன்னதைத்தானே செஞ்சேன்" என்றது வால்வு.

பின்கதவு திறந்தது. அந்தப் பெண் இறங்கி, மேட்டில் நடக்க ஆரம்பித்தாள்.