அளவுக்கு ஒரு ஆள்

"அம்மாவ ஒண்ணு முழுங்கிடுச்சுப்பா" என்றாள் நிறைமதி. அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன நாளிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைக்கும் அவள் அப்பா மணவாளன் அதை வரைய அவசரமாகத் தாளை விரித்தான். அவளைத் தொடர்ந்து பேசவைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. பல் வைத்தால், "அதுக்குப் பல்லே கிடையாது" என்றாள். நகம் வைத்தால் அழுதாள். "அது கடிக்கலப்பா. மெதுவாத்தான் முழுங்குச்சு." நத்தையின் ஈர உடம்பும் பசுவின் காதும் மலைபோல் வயிறுமாக அது உருவானது. தூங்கி வழியும் இமைகளை வரைந்ததும் "இதேதான்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தொழில் பழக்கத்தில், மிருகத்தின் உயரம் தெரிவதற்காக, அதன் மூடிய வாயருகே ஒரு சின்ன மனித உருவத்தை நிற்கவைத்தான். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பூதமும் பூனையும் ஒரே அளவுதான்.

"இது யாரு?"

"யாருமில்லடா. அளவுக்கு ஒரு ஆள்."

அவள் பென்சிலைப் பிடுங்கி, அந்த உருவத்துக்கு இரட்டைச் சடை போட்டாள். முதுகில் பள்ளிக்கூடப் பையை மாட்டினாள். "வாயைத் தொறந்து வைங்கப்பா. நான் எப்படி உள்ள போறது?"

மணவாளன் ரப்பரை எடுத்து அந்த உருவத்தைத் தேய்த்தான். கோடு போனது, அவள் அழுத்தி வரைந்த தடம் போகவில்லை. இன்னும் தேய்த்தான். தாள் கிழிந்து, மிருகத்தின் வாயில் ஓட்டை விழுந்தது.

நிறைமதி அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு போதும்ப்பா."