ராஜா இல்லாத கதை

“அந்த ராஜா கடைசியில என்ன ஆனாருங்க?”

கேட்டவர் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். பேச்சாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தக் கதையில ராஜாவே கிடையாது.”

முதியோர் குடியிருப்பின் நூலக அறையில் வாராவாரம் நடக்கும் கூட்டம் அது. ஒன்றரை மணி நேரமாக அவர் ஓர் ஆபராவை விளக்கிக்கொண்டிருந்தார். பேச வேண்டியதை எல்லாம் பாடியே தீர்க்கும் மேல்நாட்டு நாடகம். ஒரு சிப்பாய், ஒரு மீன்காரி, அவ்வளவுதான் கதை. கத்திக்குத்து வாங்கிய மீன்காரி பன்னிரண்டு நிமிடம் பாடிவிட்டுத்தான் செத்தாள். அதையும் திரையில் போட்டுக் காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ராஜாவாம்! விடிய விடியக் கதை கேட்டவரைப் பற்றிய பழமொழி இவருக்காகவே சொல்லி வைத்தது போலிருந்தது.

பேச்சாளர் நேராக நிர்வாகியின் அறைக்குப் போனார். ஒரு அம்மாள் பின்னல் பின்னுகிறாள், இருவர் குறட்டை விடுகிறார்கள், மற்றவர்களுக்கு டீ எப்போது வரும் என்பதுதான் கவலை என்று பொரிந்து தள்ளினார்.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அடுத்த வாரத்துல இருந்து நான் வரமாட்டேன்.”

நிர்வாகிக்கு உள்ளூர நிம்மதிதான். எட்டு மாதமாக இந்தத் தலைக்கனத்தைச் சகித்துக்கொண்டிருந்தாள். “உங்க இஷ்டம் சார்” என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அதற்குள் தபால்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கார் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

“மன்னிச்சுக்கங்க சார். கண் அசந்துட்டேன். அதுக்காக வராம இருந்துடாதீங்க.”

பேச்சாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உங்களைப் போன்ற ஆட்களுக்கும் கொஞ்சம் ரசனை வரட்டுமே என்றுதான் மெனக்கெட்டு வருகிறேன் என்றார். இனிமேல் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று உத்தரவும் போட்டார். பெரிய மனது பண்ணி, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

நிர்வாகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க ஒரு நிமிஷம்கூடத் தூங்கலையே ஐயா. என் அறைக் கண்ணாடி வழியா நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. அந்த ஆள்கிட்ட எதுக்குக் கெஞ்சறீங்க? ஆபரான்னா அவ்வளவு பிடிக்குமா?”

“பிடிக்கிறதா? கேட்டாலே தலைவலிம்மா.” தபால்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுச் சீட்டுகளை எடுத்தார். “தப்பு என்னோடதுதான். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தபால் மாத்திக் கொடுத்ததில்லை. இன்னைக்குப் போன வாரத்துச் சீட்டை எடுத்துப் படிச்சிட்டேன்.”

“என்ன சீட்டு?”

“கேள்விச் சீட்டு. அடுத்து என்ன கதைன்னு பலகையில போடுவாங்கல்ல, அதைப் புத்தகத்துல பார்த்து ஒரு கேள்வி எழுதி வெச்சுக்குவோம். முறை வெச்சு வாரம் ஒருத்தர் கேட்போம். சீட்டெல்லாம் என்கிட்டதான் இருக்கும். இந்த வாரம் கேட்கிறதும் என் முறை.”

நிர்வாகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிக்காத விஷயத்துக்கு இத்தனை பாடா என்று கேட்டாள்.

“அவர் சம்சாரம் போய் ரெண்டாவது மாசம்தான் இங்க முதல்ல பேச வந்தார். அன்னைக்கு யாரும் ஒரு கேள்வி கேட்கலை. சாமானெல்லாம் கட்டி வெச்சும் கிளம்ப மனசில்லாம அரை மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தார்மா. நாங்க சண்டை போட்டுக்கவாவது இருபத்தெட்டுப் பேர் இருக்கோம். அவர் வீட்டுக்குப் போனா ‘சாப்பிட்டியா’ன்னு கேட்கக்கூட ஆளில்லை. வாரத்துக்கு ஒரு கேள்வியாவது நாங்க கேட்போமேன்னுதான்.”