நாலாயிரத்துக்கு மேலே

“ஏங்க, பால் வண்டிகூட நம்மளத் தாண்டிப் போகுது! கொஞ்சம் மிதிங்களேன்!”

அவர் மிதிக்கவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுவது போல ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தார். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் மெல்ல ஏறி மூவாயிரத்து எண்ணூறைத் தொட்டது. கியரை மாற்றினார். முள் இறங்கிவிட்டது.

பால் வண்டிக்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி, ‘வா, வா’ என்று ஆட்டிவிட்டுப் போனார். அவளுக்கு மானமே போயிற்று. உட்கார்ந்திருப்பதோ தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கருநீல ஸ்போர்ட்ஸ் காரில்!

இருபது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர் அவள் கணவர். கார்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனி ஒன்றில் போன மாதம்தான் டிரைவராகச் சேர்ந்தார். தொலைதூர ஷோரூமில் கம்பெனி வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது வேலை. மறுநாள் சோதனையைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வழியில் அவளையும் ஏற்றிக்கொண்டார்.

“என் தம்பி உங்களுக்கு என்ன பேர் வச்சிருக்கான், தெரியுமில்ல?”

“மாட்டுவண்டி மாமா.”

“எல்லார் முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடறான். இந்த முள்ளு ஏழாயிரத்தைத் தொடறதை ஒரே ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன்னா, ஜென்மத்துக்கும் வாயத் திறக்க மாட்டான்.”

“ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஆகட்டும்மா. அதுவரைக்கும் நாலாயிரத்துக்கு மேல விடக் கூடாது. எஞ்சினுக்குள்ள பிஸ்டன் வளையமெல்லாம் இப்பத்தான் சிலிண்டரோட பழகுது. புது மருமக மாதிரி. வந்த அன்னிக்கே வேலைய ஏவினா குடும்பம் உருப்படுமா?”

“வந்த அன்னிக்கே உங்கம்மா என்னை அண்டா தேய்க்க வச்சாங்க.”

“அதான் இன்னிக்கு வரைக்கும் சத்தம் போடறே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஆனது.

பெட்ரோல் பங்க்கில் நின்றபோது, கல்லாவில் இருந்தவர்கூட எழுந்து வந்து பார்த்தார். யாரும் காரைத் தொடவில்லை. தொடலாமா என்று கேட்கவும் இல்லை.

“உங்களுதா சார்?”

“இல்லீங்க.”

“ஓட்டப்போறவர் கொடுத்து வச்சவர்.”

அவர் கைக்குட்டையை நனைத்து, முன்பக்கம் ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

மலைச்சரிவில் இறங்கும்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

“இப்பக் கேளு.”

காலை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தணிந்த குரலில் உறுமியது. இத்தனை வருஷம் லாரிச் சத்தம் கேட்டுப் பழகிய காது அவளுடையது. இது அந்த இனமே இல்லை. பெரிய மிருகம் ஒன்று, பக்கத்தில் படுத்துக்கொண்டு, பொறுமையாக மூச்சு விட்டது. அந்த மூச்சு இருக்கை வழியே ஏறி முதுகெலும்பைத் தொட்டது. பாறைகளில் பட்டுத் திரும்பிவந்து மறுபடியும் தொட்டது. கை மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. தம்பி, வீடியோ எல்லாம் மறந்துபோயின.

“நேத்து கொஞ்சம் கரகரன்னுதான் இருந்துச்சு. ஏத்தி, இறக்கி, ஒரே வேகத்துல விடாம, பதமா கொண்டு வந்தேன். இன்னிக்குப் பாரு. வெண்ணெய்.”

அவள் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள். கல்யாண போட்டோவில்கூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

கம்பெனிக்குப் போகும் சாலை நேர்க்கோடு போட்டது போல இருந்தது. ஆள் இல்லை, வண்டி இல்லை. மீட்டரில் ஆயிரத்து நானூற்று எண்பத்தெட்டு. அவள் போனைத் தயாராகப் பிடித்தாள்.

“இன்னும் பன்னெண்டுதானே! யாருக்குத் தெரியப் போகுது?”

“வளையத்துக்குத் தெரியும்மா.”

“அப்ப ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்.”

“இன்னும் அஞ்சு நிமிஷத்துல கேட்டைச் சாத்திடுவாங்க.”

“நாளைக்கு எவனோ வந்து ஏழாயிரத்துல விரட்டுவான். நீங்க ஓரமா நின்னு கைதட்டுங்க. என் தம்பி வச்ச பேரு சரிதான்!”

அவர் முகம் சுருங்கியது. முள் நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

உள்ளே நிறுத்திய பிறகும் உடனே எஞ்சினை அணைக்கவில்லை. சூடு தணியட்டும் என்று ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம்தான் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை, மற்ற ஊழியர்களின் குடும்பத்தாரோடு தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். நீண்ட கொட்டகையின் ஒரு கோடியில் கார் இருந்தது. கதவுகளில் கறுப்பும் மஞ்சளுமாக வட்டங்கள் ஒட்டியிருந்தார்கள்.

“என்னங்க, சத்தமே காணோம்?”

“எஞ்சினை ஓட்ட மாட்டாங்க. பெட்ரோலைக்கூட நேத்து ராத்திரியே வடிச்சாச்சு. அடியில வடம் மாட்டி இழுப்பாங்க.”

“இழுத்து?”

அவர் கண்ணால் எதிர்ப்பக்கம் காட்டினார். அவள் மறுகோடியைப் பார்த்தாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சேர்ந்த அன்னிக்கே தெரியும்.”

மணி அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிய ஒரு பொம்மையோடு, மணிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில், கார் கான்கிரீட் சுவரில் மோதியது.