வெல்டாவுக்கு வந்த போன்

யூட்டா பாலைவனத்தின் பள்ளத்தாக்கில் டிசம்பர் குளிரில் ஆர்லன் தனியாக நடக்கப் போயிருந்தார். பாறையிடுக்கில் தண்ணீர் உறைந்து வழியை அடைத்திருந்தது. சுற்றிக்கொண்டு மேலே ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மனைவி வெல்டா பயந்துபோய் மீட்புக்குழுவைக் கூப்பிட்டிருப்பாளே என்று பதறி, வீட்டுக்கு போன் செய்தார்.

“நான்தான், ஆர்லன். வர லேட்டாகும்.”

“நீ மத்தியானமே வந்துட்டியே! பூட்ஸைக்கூட வாசல்லயே கழட்டி வச்சே. இப்ப பாத்திரம் கழுவிட்டிருக்கே.”

“பாத்திரமா? வெல்டா, அது நான் இல்ல!”

 வெல்டா குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ மெதுவாவே வா. அடுத்து கூரை ஒழுகலை அடைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

போனின் மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“யாரு செல்லம் போன்ல?” என்றது ஆர்லனின் குரல்.

“ராங் நம்பருங்க,” என்றாள் வெல்டா.